மொட்டை மாடியில் தொடங்கும் கார்பன் கணக்கு

மே மாத இரவு பத்து மணிக்குச் சென்னையிலோ மதுரையிலோ ஒரு மேல்மாடி வீட்டுக்குள் நுழைந்தால், தெருவில் இருந்ததைவிட உள்ளே புழுக்கம் அதிகமாக இருக்கும். சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனாலும் சுவரைத் தொட்டால் சூடு. விசிறியைக் கூட்டினால் மேலிருந்து அனல்தான் இறங்கும். பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை இப்போதுதான் வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. வேறு வழியின்றி ஏசியைப் போடுகிறோம். அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது. கோடை உச்சத்தில் காற்றாலைப் பருவமும் முழுதாகத் தொடங்கியிருக்காது. ஆகவே அந்த ஏசிக்கான மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் வந்தாக வேண்டும். மதியம் மொட்டை மாடியில் விழுந்த வெயில், இரவில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே கரியமில வாயுவாக வெளியே போகிறது.

உலகில் எரிசக்தி சார்ந்த கரியமில வாயு உமிழ்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடங்களைக் கட்டுவதாலும் இயக்குவதாலும் வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. இதைக் குறைக்க இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைக்கும் யோசனைகள் பலவும் குளிர்நாடுகளில் பிறந்தவை. அங்கே பிரச்சினை, வீட்டுக்குள் உண்டாக்கிய சூடு வெளியே போய்விடுவது. இங்கே பிரச்சினை, வெளியே இருக்கும் சூடு உள்ளே வந்துவிடுவது. அதனால் நாம் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வெயிலை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். அதையும் மீறி வந்த வெப்பத்தைக் குறைந்த மின்சாரத்தில் வெளியேற்ற வேண்டும். மூன்றாவதாக, அந்த மின்சாரத்தை நிலக்கரி இல்லாமல் பெற வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் ஏசி, பில் எகிறியதும் சோலார், கூரையைப் பற்றி நினைப்பதே இல்லை.

வெயில் இறங்கும் வழி

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. 1,000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர்; அதாவது 93 கிலோவாட். ஒன்றரை டன் ஏசிகள் பதினேழு சேர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் இது. நல்லவேளையாக எல்லாமே உள்ளே வருவதில்லை. ஒரு பகுதி திரும்பிப் பிரதிபலிக்கிறது, ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகிறது. மீதியைக் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது. பழுப்பேறி, பாசி படிந்து கறுத்த தளம் தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் வாங்கிக்கொள்ளும். சுத்தமான வெள்ளைப் பரப்பு முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரிக்குப் போய், கீழே அறை 30 டிகிரியில் இருந்தால், வெறும் கான்கிரீட் தளம் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு நூறு வாட் அளவில் வெப்பம் இறங்கும். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறைக்கு இது ஒரு கிலோவாட்டைத் தாண்டும். ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் மூன்றரை கிலோவாட். அதாவது அந்த ஏசியின் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூரையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது.

வெப்பம் ஒரு கூரை வழியே எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்பதை யு-மதிப்பு என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் குறைவாக இருந்தால் கூரை நல்ல கூரை. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மேலே எதுவும் போடாத கான்கிரீட் தளத்தில் இது 3-க்கு மேல்.

நம் கொத்தனார்களுக்கு இந்த எண் தெரியாமல் இருந்திருக்கலாம்; விஷயம் தெரிந்திருந்தது. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கனமாக இடித்து, கடைசியில் தட்டோடு பதித்தார்கள். ஜல்லிக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் வெப்பத்தைத் தாமதப்படுத்தின. கான்கிரீட் வந்த பிறகும் வெதரிங் கோர்ஸ் என்ற பெயரில் அந்த ஜல்லி, தட்டோடு அடுக்கு பல காலம் தொடர்ந்தது. அண்மைக் காலத்தில் செலவு குறைப்பதற்காக முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

இருக்கிற வீட்டுக்கு மலிவான மருந்து வெள்ளையடிப்பது. சுண்ணாம்பு அடித்தாலே பலன் தெரியும்; மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்களுக்கு வெயிலைத் திருப்பும் பெயிண்டும் வெள்ளை கூல் டைல்ஸும் இருக்கின்றன. எதைப் போட்டாலும் தூசியும் பாசியும் படிந்தால் பிரதிபலிப்பு குறைந்துவிடும். மாடியைக் கழுவிவிடுவதும் பராமரிப்புதான். இன்னொரு விஷயம்: ஃபால்ஸ் சீலிங் கீழே இருந்து தடுக்கிறது, அதற்குள் தளம் சூடேறியிருக்கும். வெப்பக் காப்பைத் தளத்துக்கு மேலே போட்டால்தான் கான்கிரீட்டே சூடாகாமல் தப்பும். தெலங்கானா அரசு 2023-ல் கூரைகளைக் குளிர்ச்சியாக வைப்பதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்ததற்குக் காரணம் இந்த எளிய இயற்பியல்தான்.

மேற்குச் சுவரும் கண்ணாடியும்

கூரைக்கு அடுத்த எதிரி மாலை வெயில். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது ஜன்னல் மேலுள்ள சன்ஷேடு நன்றாக வேலை செய்யும். மாலை நான்கு மணிக்குமேல் வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து நேரே தரையில் விழுகிறது. இரண்டடி சன்ஷேடை மூன்றடியாக்கினாலும் அதைத் தடுக்க முடியாது. மேற்கு ஜன்னலுக்கு வேண்டியது செங்குத்தான மறைப்பு: மூங்கில் தட்டி, ஜாலி, அல்லது ஒரு வேப்பமரம்.

மறைப்பு வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். அந்த ஒளி பட்டுச் சூடான தரையும் திரையும் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வெளியே விடாது. உள்ளே கனமான திரை தொங்கவிட்டால் வெளிச்சம் மறையும். வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று. இதே தவறைப் பன்மாடி அளவில் செய்கின்றன, நாலு புறமும் கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடங்கள். உள்ளே கண் கூசுவதால் பிளைண்டுகளை இறக்கிவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, கண்ணாடி வழியே வந்த வெப்பத்தை விரட்ட ராட்சத ஏசியையும் ஓட்டுகிறார்கள். சுவர்ப் பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்துக்குள் இருந்தால் பகல் வெளிச்சமும் கிடைக்கும், வெப்பமும் கட்டுக்குள் இருக்கும். வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பின் நேரடி வரையறையும் அந்த 40 சதவீதம்தான்.

விசிறி முதலில், ஏசி பிறகு

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே வந்த வெப்பத்துக்கு மின்சாரம் வேண்டும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் வீட்டிலுள்ள எந்தச் சாதனத்தையும் எடை போட்டுவிடலாம்.

பழைய வகை மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் வித்தியாசம் சுமார் 160 யூனிட். ஒரே விசிறியில் 110 கிலோ கரியமில வாயு மிச்சம். குண்டு பல்புக்கு நடந்தது விசிறிக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் விநியோகமானதும் 60 வாட் குண்டு பல்பு நம் வீடுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தேவிட்டது. சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது 2023 ஜனவரியில்தான்.

விசிறிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆவியாக்குகிறது. அதனால் விசிறி ஓடும் அறையில் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தாலும் உடம்புக்குத் தெரியாது. ஏசியை 24-ல் வைப்பதற்குப் பதில் 27-ல் வைத்து விசிறியையும் போட்டால், ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் என்ற எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்குப்படி ஏசியின் மின்செலவு சுமார் 18 சதவீதம் குறையும். 2020 முதல் புதிய ஏசிகளைப் போட்டவுடன் 24-ல் நிற்கும்படி அமைக்க வேண்டும் என்று விதி வந்தது. ரிமோட்டில் அதை 18-க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது எந்த எண்ணில் வைத்தாலும் வேகம் ஒன்றுதான்; நிறுத்த வேண்டிய இடத்தில் அது நிற்காது, அவ்வளவே.

கசியும் கேஸ்

ஏசியின் கணக்கில் மீட்டரில் பதிவாகாத ஒரு பங்கும் உண்டு. ‘கேஸ் தீர்ந்துபோச்சு, ஃபில் பண்ணணும்’ என்று மெக்கானிக் சொல்லும்போது, ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்ததைப் போல நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. போனதெல்லாம் வளிமண்டலத்துக்குப் போயிருக்கிறது.

போன கேஸ் சாதாரணமானதல்ல. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ வெளியேறுவது 2,088 கிலோ கரியமில வாயு வெளியேறுவதற்குச் சமம். ஆண்டுக்கு 1,000 யூனிட் இழுக்கும் ஏசி மின்சாரத்தின் வழியே வெளியிடுவது 700 கிலோதான். ஒரே கசிவு மூன்று ஆண்டு ஓட்டத்தை விழுங்கிவிடுகிறது. இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸில் இந்த எண் 675. ஆர்-290 என்பது புரோபேன். பாதிப்பு மிகச் சொற்பம், ஆனால் தீப்பற்றும் என்பதால் கையாளப் பயிற்சி வேண்டும். 2016-ல் கிகாலியில் கையெழுத்தான உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களை 2032-லிருந்து படிப்படியாகக் குறைத்து 2047-க்குள் 85 சதவீதம் வெட்ட வேண்டும். தொழிற்சாலையில் அது நடக்கும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவதும், காயலான் கடையில் செம்புக் குழாயை அறுத்துக் கேஸைக் காற்றில் விடுவதும் தெருவில் நடக்கின்றன. ‘முதலில் லீக் எங்கே என்று பாருங்கள்’ என்று வீட்டுக்காரர் சொன்னாலே பாதி வேலை முடியும்.

ஒரே கட்டடம், இரண்டு பாதி

அலுவலகக் கட்டடங்களில் எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. ஹைதராபாதில் இன்போசிஸ் நிறுவனம் 2011-ல் ஒரு கட்டடத்தை ஒன்றுபோல இரண்டு பாதியாகக் கட்டியது. சுவர், கண்ணாடி, விளக்கு, ஆட்கள் எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு பாதியில் திறன்மிக்க வழக்கமான ஏசி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய்கள் பதித்துக் குளிர்நீரை ஓடவிட்டார்கள்.

காரணம் எளிது. ஒரே அளவு வெப்பத்தைக் கொண்டுபோக, தண்ணீரைவிட 3,000 மடங்குக்கு மேல் பருமனுள்ள காற்று வேண்டும். அவ்வளவு காற்றைத் தள்ள பெரிய பெரிய விசிறிகள் ஓட வேண்டும். தண்ணீருக்கு ஒரு பம்பு போதும். கூரை முழுதுமே குளிர்ப் பரப்பாக இருப்பதால் தண்ணீரை 7, 8 டிகிரிக்குக் குளிர்விக்கவும் தேவையில்லை. 15 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும், சில்லருக்கும் வேலை குறைவு. குளிர்நீர்ப் பாதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவான மின்சாரத்தில் ஓடியது. கட்டும் செலவும் கூடவில்லை. கடற்கரை நகரங்களில் இதைச் செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஈரக்காற்று குளிர்ந்த கூரையில் பட்டால் நீர்த்துளி படிந்து சொட்டும். ஆகவே உள்ளே விடும் காற்றிலிருந்து ஈரத்தைத் தனியாக எடுத்துவிட வேண்டும்.

பால் காய்ச்சும் முன்பே ஏறிய கடன்

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டில் குடியேறிய பிறகு வரும் உமிழ்வு. அதற்கு முன்பே ஒரு பெரிய தொகை செலவாகிவிடுகிறது. 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமென்ட், நான்கு டன் கம்பி என்பது கட்டுமானத்தில் வழங்கும் தோராயக் கணக்கு. 20 டன் சிமென்டுக்குச் சாம்பல் கலந்த வகை என்று வைத்தாலும் ஏறத்தாழ 12 டன் கரியமில வாயு. கம்பிக்கு இன்னொரு 9 டன். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்தின் மின்சார உமிழ்வு ஆண்டுக்கு 1.7 டன்னை ஒட்டி வரும். பால் காய்ச்சும் நாளன்றே அந்த வீடு 12 ஆண்டு மின்சாரத்துக்குச் சமமான உமிழ்வை முடித்துவிட்டது.

சிமென்டில் ஏன் இவ்வளவு? அதன் மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லை வெட்டும் அரியலூர்ச் சுரங்கங்களில் அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அங்கே கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 சதவீதம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் ஓடுகளாகவும் வண்டலாகவும் கல்லுக்குள் அடைபட்ட கரியமில வாயு. உலையில் 1,450 டிகிரி வரை சூடாக்கும்போது அது விடுபடுகிறது. சிமென்டின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவதால், உலையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அது நிற்காது. உலையில் சுட்ட கிளிங்கரின் அளவைக் குறைப்பதுதான் கைக்கெட்டும் வழி.

மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல் மின் நிலையங்களின் சாம்பலைக் கலந்த பி.பி.சி. சிமென்ட் கடைகளில் ஏற்கெனவே கிடைக்கிறது. அதில் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். தளத்துக்குச் சாம்பல் கலக்காத ஓ.பி.சி.தான் வேண்டும் என்று மேஸ்திரி அடம்பிடிப்பார். பி.பி.சி. மெதுவாக இறுகும், தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், நீராற்றுவதைக் குறைக்கக் கூடாது. இறுதி வலு குறையாது. அடுத்த படியாக எல்.சி.3 என்ற சிமென்ட் வந்திருக்கிறது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் முறை இது. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து உருவாக்கியது. 2023-ல் இதற்கு இந்தியத் தரநிர்ணயமும் கிடைத்துவிட்டது. சிமென்டைப் போலவே செங்கலையும் குறைக்கலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் சுவரின் நடுவே காற்றிடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குவார்கள். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், சுவரும் சூடு தாங்கும். ஆரோவில்லில் சுடாத மண்கட்டிகளால் எழுந்த பல மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன.

சோலார் எப்போது?

கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் உமிழ்வு குறையும் என்று சொல்கிறார்கள். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ கரியமில வாயு வரும். அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்யச் சுமார் 130 யூனிட் வேண்டும். இன்றைய மின்கட்டமைப்பில் அது 90 கிலோ. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் வரை மாற்றம் எதிர்த்திசையில்தான் போகும். நண்பகலில் சொந்த மாடியின் சோலாரில் சமைத்தால் மட்டும் கணக்கு நமக்குச் சாதகம்.

சோலாருக்கு இப்போது நல்ல காலம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. தமிழ்நாட்டு வெயிலில் 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் தரும்; ஆண்டுக்கு மூன்று டன் கரியமில வாயு மிச்சம். பேனல்களைச் சற்று உயர்த்தி அமைத்தால் கூரைக்கு நிழலும் ஆகும். ஆனால் சோலார் பகலில் உற்பத்தி செய்கிறது. ஏசி இரவில் ஓடுகிறது. சூடான கூரையின் கீழ் படுத்துக்கொண்டு பேனல் போட்டால், பகலில் கொடுத்து இரவில் நிலக்கரி மின்சாரம் வாங்குவோம். இரவுத் தேவையைக் குறைக்கும் முதல் முதலீடு, வெப்பத்தைச் சேமிக்காத கூரைதான். தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் நண்பகலுக்கு மாற்றுவதில் செலவே இல்லை.

செலவு ஒருவருக்கு, பில் மற்றவருக்கு

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? கூரைக்குக் காப்புப் போடும் செலவு பில்டருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது. வாடகை வீட்டில் சுவர் வீட்டுக்காரருடையது, ஏசி குடித்தனக்காரருடையது. பத்து ஆண்டு இ.பி. பில்லை முன்கூட்டிப் பார்த்து வீடு கட்டுபவர் யாருமில்லை. இந்த முடிச்சை விலையால் மட்டும் அவிழ்க்க முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. அப்போதும் மக்கள் ஏசி நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறார்களே தவிர, கூரையைப் பார்ப்பதில்லை. விதி வேண்டும். 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் விதித்தொகுப்பின் கீழ் கொண்டுவர வழி செய்திருக்கிறது. கட்டட அனுமதி கொடுக்கும் உள்ளாட்சி அலுவலகங்கள் பார்க்கிங் அளவையும் பக்கவாட்டு இடைவெளியையும் சரிபார்ப்பதுபோலக் கூரையின் யு-மதிப்பையும் சரிபார்த்தால்தான் அது காகிதத்திலிருந்து தளத்துக்கு வரும்.

அதுவரை வீடு கட்டுபவரும் ஃபிளாட் வாங்குபவரும் டைல்ஸின் நிறத்தைக் கேட்கும் முன் நான்கு கேள்வி கேட்கலாம். தளத்துக்கு மேல் என்ன போடப் போகிறீர்கள்? மேற்கு ஜன்னலுக்கு வெளியே என்ன மறைப்பு? எந்த சிமென்ட்? மாடியில் பேனலுக்கு இடமும் வயர் இறங்கும் குழாயும் விட்டிருக்கிறீர்களா? பதில் சொல்லத் தெரியாத பொறியாளர் அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் தெரிந்துகொள்வார். நல்ல கூரை ஐம்பது ஆண்டு உழைக்கும்; மோசமான கூரையும் ஐம்பது ஆண்டு உழைக்கும். ஏசியைப் பத்து ஆண்டில் மாற்றிவிடலாம். கூரையை அப்படி மாற்ற முடியாது.